தொண்ணூற்றொன்றாம் பக்கத்தின் கோடு

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், சனிக்கிழமை. விடியற்காலை முதல் உறைமழை பெய்துகொண்டிருந்தது. வானத்தில் நீராக இருந்து தரையைத் தொட்டதும் கண்ணாடியாக இறுகிவிடும் அந்த மழை, கார்வர் பே என்ற ஏரிக்கரை ஊரின் நடைபாதைகளையும் மின்கம்பிகளையும் நிறுத்தி வைத்த கார்களையும் ஒரே பூச்சாகப் பூசி முடித்திருந்தது. ஏரி இருக்க வேண்டிய திசையில் வெறும் சாம்பல் நிறம் தெரிந்தது.

வெர்னா லாஹ்டினென் காலணியின் அடியில் இரும்புப் பற்கள் வைத்த பட்டையை மாட்டிக்கொண்டு, நான்கு தெருக்களை இருபத்தைந்து நிமிடங்களில் கடந்து, நார்த் பியர் நாடகக் குழுவின் பின்வாசலை அடைந்தார். மாடிக்குப் பதினெட்டுப் படிகள். ஏழாம் படியில் ஒரு முறையும் பதின்மூன்றாம் படியில் ஒரு முறையும் நின்றார். அறுபத்தேழு வயதில் முழங்கால்கள் தமக்கென ஒரு கால அட்டவணை வைத்திருந்தன.

மேலறை ஒரு காலத்தில் பின்லாந்துக்காரர்களின் கூட்டுறவுக் கடைக்கு மாவுக் கிடங்காக இருந்தது. இப்போது அதன் அலமாரிகளில், நாற்பது ஆண்டுகளில் அந்தக் குழு அரங்கேற்றிய நூற்றுப் பதினெட்டு நாடகங்களும் தடித்த கோப்புகளாக அடுக்கப்பட்டிருந்தன. குழுவில் அவற்றுக்குப் ‘புத்தகம்’ என்றே பெயர். நாடகத்தின் வசனம் முழுவதும், எந்தச் சொல்லுக்கு எந்த விளக்கு மாற வேண்டும், யார் எந்தக் கதவு வழியாக வர வேண்டும் என்பதெல்லாம் பென்சிலில் குறிக்கப்பட்ட பிரதி அது. நூற்றுப் பதினெட்டில் நூற்றுப் பதினொன்று வெர்னாவின் கையெழுத்து.

மார்ஷல் ஆட்ஜர்ஸ் முன்னதாகவே வந்து மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர்; குழுவின் நிர்வாக சபை உறுப்பினர். நாற்பதாம் ஆண்டு விழாவுக்காகக் குழுவின் வரலாற்றை எழுதும் பொறுப்பை அவராகவே கேட்டு வாங்கியிருந்தார். மேசையில் ஒரு காப்பிக் குடுவையும் துணியில் சுற்றிய, ஏலக்காய் மணக்கும் நிசு ரொட்டியும் சிறிய ஒலிப்பதிவுக் கருவியும் இருந்தன.

“வந்துட்டியா வெர்னா? உயிரோட வந்து சேருவியான்னு எனக்குச் சந்தேகமா இருந்துச்சு.”

“எனக்கும்தான். காப்பி மிச்சம் இருக்கா, இல்ல அதையும் வரலாத்துல சேத்துட்டியா?”

“உன் வாய்க்கு அன்னைக்கே ரெண்டு பல்லு கூடப் பிடுங்கியிருக்கணும்.”

“பிடுங்கினது ஒண்ணே போதும். அதுவே தப்பான பல்லு.”

மார்ஷல் சிரித்துக்கொண்டே காப்பியை ஊற்றினார். பிறகு ஒலிப்பதிவுக் கருவியை வெர்னாவின் பக்கம் நகர்த்திவைத்து, அதன் சிவப்பு விளக்கை எரியவிட்டார்.

“அந்தத் தொண்ணூத்தி மூணாம் வருசத்துப் புத்தகத்த எடுத்துக் குடு. ‘மூன்றாம் தளம்’. கண்ணாடிப் பெட்டியில வெக்கப்போறோம். தொண்ணூத்தோராம் பக்கத்தத் தெறந்து வெக்கணும். உன் கோடு எல்லாருக்கும் தெரியணும்.”

வெர்னா எழுந்திருக்கவில்லை. “அதையா வெக்கப்போற?”

“வேற எத வெப்பேன்? நாப்பது வருசத்துல இந்த ஊருக்கு வெளியில தெரிஞ்ச ஒரே விசயம் அதுதான். அந்த அத்தியாயத்தப் படிச்சுக் காட்டட்டுமா?” விடைக்குக் காத்திராமல் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்: “‘அப்பேச்சு சுமாரானது, பேசிய நடிகையோ அதனினும் சுமார். வெர்னா லாஹ்டினெனின் செவி ஒரே நொடியில் இரண்டையும் எடைபோட்டது. அவருடைய பென்சில் அப்பேச்சின் குறுக்கே பாய்ந்தது. அவருடைய குரல் விளக்கை அணைத்தது.’ எப்படி?”

“பாய்ந்ததுன்னு எழுதியிருக்க.”

“நல்லா இல்லையா?”

“பென்சிலு எங்கியும் பாயல, மார்ஷல்.”

“எழுத்துன்னா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். நீ அத விடு. இதுல பேரு வர்றவங்க எல்லாருக்கும் நகல் அனுப்பிச்சிருக்கேன், கையெழுத்து வேணுமில்ல? எல்லாரும் போட்டாச்சு, காலீன் ட்ரெவரோ ஒருத்தியத் தவிர. இன்னைக்குப் பதினோரு மணிக்கு மருந்துக்கடையில இடைவேளையாம். நேர்ல வர்றேன்னா.”

வெர்னா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணி இருபது நிமிடம். காப்பியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். குளிருக்காக மட்டும் அல்ல.

வெர்னா நாடகத்தின் மீது கொண்ட காதலால் இந்தக் குழுவுக்கு வந்தவர் அல்லர். 1981இல் அவர் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து ஊரில் நாடகம் போடுவதற்காகக் குழுவினர் அந்தப் பேருந்தை வாடகைக்கு எடுத்தனர். நடிகர்கள் ஆளுக்கொரு மூலையில் சண்டை போட்டுக்கொண்டிருக்க, வெர்னா ஒருமுறை அதட்டினார். எல்லாரும் வரிசையாக அமர்ந்துவிட்டனர். முன்னிருக்கையில் இருந்த இயக்குநர் கார்டன் பாஸ்க் திரும்பிப் பார்த்து, “பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களையே சமாளிக்கிறீங்க. இவங்க அவ்வளவு கஷ்டம் இல்ல, இவங்க கடிக்க மாட்டாங்க” என்றார். அடுத்த மாதமே வெர்னா மேடை மேலாளர் ஆனார். பேருந்தையும் விடவில்லை. இந்த ஊரில் ஒரு வேலையை மட்டும் நம்பி வாழ்ந்தவர் எவரும் இலர்.

குழுவுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. வேறெங்கும் அரங்கேறிய நாடகத்தை அவர்கள் தொடமாட்டார்கள். ஆண்டுக்கு மூன்று நாடகங்கள், மூன்றும் புத்தம் புதியவை. ஆகவே ஒவ்வொரு நாடகமும் பாதி வெந்த நிலையிலேயே ஒத்திகைக்கு வரும். எழுதியவர் அரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்து, பகலில் கேட்டதை இரவில் திருத்தி, காலையில் புதிய பக்கங்களைக் கொடுப்பார். எது பழையது, எது புதியது என்று குழம்பாமல் இருக்க, ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு நிறத் தாள்: முதலில் வெள்ளை, பின்னர் நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை. பழைய பக்கத்தை உருவிப் புதியதைச் செருகுவதும், விளக்குக் குறிகளை ஒவ்வொன்றாக அதில் மீண்டும் எழுதுவதும் வெர்னாவின் வேலை. ஒரு நாடகாசிரியர் ஒரு நாயின் பெயரை ஏழு முறை மாற்றினார். அந்த நாய் மேடைக்கே வராது.

‘மூன்றாம் தளம்’ டேல் பெஸெட் என்பவர் எழுதியது. சுரங்கம் மூடப்பட்ட பிறகு சமையலறையிலேயே அமர்ந்திருக்கும் ஒரு தந்தையைப் பற்றிய நாடகம். அதன் முடிவு மட்டும் அமையவில்லை. மூன்று வாரங்களில் ஐந்து முடிவுகள். பச்சைத் தாளில் இருந்த முடிவில், தந்தை நெடுநேரம் பேசாமல் உருளைக்கிழங்கின் தோலைச் சீவுவார், பிறகு, “வெளக்க அணைச்சுடு. யாரும் வரப்போறதில்ல” என்பார், விளக்கு அணையும். எட்டு நாள் அதையே ஒத்திகை பார்த்தார்கள். டேலுக்கு அது பிடிக்கவில்லை. பழுப்புத் தாளில் புதிய முடிவு வந்தது. தந்தை அவ்வாறு சொன்னதும், மாடிப்படியில் மகள் பெட்டியுடன் தோன்றி ஒன்றரைப் பக்கம் பேசுவாள். அதன் பிறகே விளக்கு அணையும். மகளாக நடித்தவள் காலீன் ட்ரெவரோ. வயது இருபத்துமூன்று. அதுவரை அந்த நாடகத்தில் அவளுக்கு இருந்தவை இரண்டே வரிகள். பழுப்புத் தாளைக் கையில் வாங்கியபோது அவள் அதை முகர்ந்து பார்த்தது வெர்னாவுக்கு நினைவிருக்கிறது.

1993ஆம் ஆண்டு நவம்பர் பதினான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு முன்னோட்டக் காட்சி. அதற்கு முந்தைய நாள் வெர்னா பள்ளியின் ஹாக்கி அணியை நூற்றறுபது மைல் தொலைவிலிருந்த ஊருக்குப் பேருந்தில் அழைத்துச் சென்றார். திரும்பும் வழியில் பனிப்புயல். பையன்களை ஒவ்வொரு வீட்டிலும் இறக்கிவிட்டு அவர் தம் வீட்டுக்கு வந்தபோது விடிந்துவிட்டது. வாசலில் டேல் போட்டுவிட்டுப் போன உறை. அதில் பழுப்புப் பக்கங்கள். அவர் படுக்கவில்லை. பக்கங்களைச் செருகி, குறிகளை எழுதி, நகல் எடுத்து, பன்னிரண்டு மணிக்கு நடிகர்களிடம் கொடுத்தார்.

அரங்கின் பின்புறத்தில், உயரத்தில், கண்ணாடி போட்ட சிறிய அறை ஒன்று உண்டு. அங்கிருந்துதான் வெர்னா எல்லாவற்றையும் நடத்துவார். காதில் மாட்டிய கருவி வழியாக, “எண்பத்தேழு, தயார்” என்பார். உரிய நொடி வந்ததும், “எண்பத்தேழு, விடு” என்பார். பக்கத்து இருக்கையில் இருக்கும் ரிக்கி அப்போது விசையை அழுத்துவான். எண்பத்தெட்டாம் குறி, இறுதி இருட்டு.

அன்று தந்தை உருளைக்கிழங்கை எடுத்தார். நாற்பது நொடி அமைதி. வெர்னா தொண்ணூற்றொன்றாம் பக்கத்தில் பென்சிலை வைத்துக் காத்திருந்தார். அறை கதகதப்பாக இருந்தது. ரிக்கி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு அவருக்கு ஒன்றும் தெரியாது. எங்கோ தொலைவில் ஒரு குரல், “வெளக்க அணைச்சுடு. யாரும் வரப்போறதில்ல” என்றது. எட்டு நாள் பழக்கத்தில் வெர்னாவின் வாய், “எண்பத்தெட்டு, விடு” என்றது. அந்தக் குரல் கேட்டுத்தான் அவரே கண்விழித்தார்.

அரங்கம் இருண்டுவிட்டது. இருட்டில், படிக்கட்டில், காலீன் வாயைத் திறந்தபடி நின்றிருப்பாள். வெர்னா, “திருப்பிப் போடு” என்று சொல்வதற்குள் கைத்தட்டல் தொடங்கிவிட்டது. முதலில் ஒருவர், பிறகு அனைவரும். கைத்தட்டல் நிற்கவே இல்லை. மேசை விளக்கின் வெளிச்சத்தில் வெர்னா பக்கத்தைப் பார்த்தார். காலீனின் பேச்சின் குறுக்கே, மேலிருந்து கீழாக, ஒரு பென்சில் கோடு சரிந்து இறங்கியிருந்தது. தூக்கத்தில் கை வழுக்கிய கோடு.

கார்டன் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார். பின்னாலேயே டேல், கண்கள் கலங்க.

“உனக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்றார் கார்டன். “மூணு வாரமா மண்டைய உடைச்சுக்கிட்டு இருக்கோம். உனக்கு எப்படித் தெரிஞ்சுது வெர்னா?”

டேல் திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தார். “வெட்டியே போட்டுருக்காங்க” என்றார், கோவிலில் பேசுவது போன்ற குரலில்.

“தயார்கூடச் சொல்லல” என்றான் ரிக்கி. “சும்மா ‘விடு’ன்னாங்க. அந்தக் குரலக் கேட்டப்புறம் நான் என்ன கேள்வி கேக்கறது?”

உண்மையைச் சொல்ல வேண்டும் என்று வெர்னா நினைத்தார். ஆனால் நாக்கை அசைக்கவும் தெம்பு இல்லை. அவருடைய மௌனத்தை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் புதிய பக்கம் வந்தது, தந்த நிறத் தாளில். அதைக் காலீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தவரும் வெர்னாவே. அவள் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் தேடினாள். அடுத்த பக்கம் இல்லை.

“படிக்கட்டுல நிக்கணுமா இனிமே?” என்று கேட்டாள்.

“நிக்கணும். வெளக்கு அணையறதுக்கு முன்னாடி உன் நிழலு செவுத்துல தெரியணும்னு கார்டன் சொல்றார்.”

“சரி.”

இருபத்தொரு காட்சிகளில் அவள் படிக்கட்டில் பெட்டியுடன் நிழலாக நின்றாள். அதன் பிறகு எந்த நாடகத்துக்கும் வரவில்லை. பிற்காலத்தில் மெயின் தெரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இருபது ஆண்டுகளாக, மாதம் ஒரு முறை, வெர்னாவின் இரத்த அழுத்த மாத்திரைகளை உறையில் போட்டு, “சாப்பாட்டுக்கு அப்புறம், வெர்னா” என்பாள். வெர்னா, “தெரியும்” என்பார். இருவருக்கும் இடையில் பேச்சு அவ்வளவே.

நாடகம் சிகாகோவுக்குப் போயிற்று. இன்னும் ஆறேழு நகரங்களுக்குப் போயிற்று. எல்லா இடங்களிலும் உருளைக்கிழங்கு, அமைதி, இருட்டு. குழுவில் ஒரு புதிய சொல் பிறந்தது: எதையாவது துணிந்து நீக்கினால் அதற்கு ‘வெர்னா வெட்டு’. புதிய நாடகாசிரியர்கள் வந்ததும் முதலில் அவரைச் சுட்டிக்காட்டி அந்தக் கதையைச் சொல்வார்கள். முன்னோட்டக் காட்சி முடிந்ததும் எல்லாரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் கொட்டாவி விட்டால், மறுநாள் ஒரு காட்சி காணாமல் போகும்.

ஒரே ஒருமுறை, 1996இல், அவர் கார்டனிடம் உண்மையைச் சொன்னார். கார்டன் சிரிக்கவில்லை. நெடுநேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நம்புறேன்” என்றார். “ஆனா வேற யார்கிட்டயும் சொல்லாத. டேல் அடுத்த நாடகத்தையும் நமக்கே தர்றேன்னு இருக்கான். ஒரு தூக்கத்தால ஒரு குழு பொழச்சுதுன்னு வெச்சுக்க.” கார்டன் 2007இல் காலமானார். அதன் பிறகு அந்த உண்மை வெர்னா ஒருவரிடமே இருந்தது. 2009இல் நன்கொடைகள் வற்றி ஆட்குறைப்பு நடந்தபோது, வெர்னாவை எப்படி அனுப்புவது என்றார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் விளக்கு விசையருகே அமர்ந்திருந்த ரிக்கியை அனுப்பினார்கள். அன்று ரிக்கி அவரைக் கட்டிப்பிடித்து, “உங்களுக்கு மேல இருந்து காது குடுத்திருக்கு. எனக்கு வெரலு மட்டுந்தான்” என்றான். அன்று வெர்னா வீட்டுக்குப் போய்க் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

இப்போது கண்ணாடி அறைக்கு அவர் பெயரையே வைக்கப்போகிறார்கள். பித்தளைப் பலகை ஏற்கெனவே வந்துவிட்டது. மார்ஷல் அதை உறையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

“எழுத்து சரியா இருக்கான்னு பாரு. உங்க பின்லாந்து ஆளுங்க பேருல எழுத்து எங்க வருது எங்க போகுதுன்னே தெரியமாட்டேங்குது.”

“சரியாத்தான் இருக்கு.”

“அப்போ ஒரே ஒரு கேள்வி. பதிவுக்காக. அந்த நொடியில உன் மனசுல என்ன ஓடிச்சு?”

“ஒண்ணும் ஓடல.”

“பாத்தியா? அருமை. ‘ஒன்றும் ஓடவில்லை. வெறும் உள்ளுணர்வு.’”

“உள்ளுணர்வுன்னு நான் சொல்லல.”

“அத நான் சேத்துக்கறேன்.”

படிகளில் காலடி ஓசை கேட்டது. நடுவில் எங்கும் நிற்காமல் வந்தது. காலீன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். மருந்துக்கடையின் வெள்ளை மேலங்கி, அதன் மேல் கோட்டு, கோட்டின் தோள்களில் உருகாத பனிச்சில்லுகள். நாற்பத்தொன்பது வயது. கையில் மார்ஷல் அனுப்பிய உறை.

“அரை மணி நேரந்தான் இருக்கு, டாக்டர்” என்றாள்.

“ஒரு கையெழுத்துத்தானேம்மா. அரை நிமிசம் போதும். பேனா இந்தா.”

காலீன் பேனாவை வாங்கவில்லை. “இதுல சுமார்னு போட்டுருக்கீங்க.”

“அது வந்து... அந்த எடத்துக்கு ஒரு சொல்லு வேணும், அவ்வளவுதான். இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு, யாரு ஞாபகம் வெச்சிருக்கப் போறா?”

“யாருக்கும் ஞாபகம் இருக்காது. யாரும் கேக்கலையே” என்றாள் காலீன். “ஒத்திகையில ஒருதடவ பேசினேன், மத்தியானம் பன்னண்டரைக்கு. கார்டன் ஃபோன்ல இருந்தாரு. டேல் சாப்பிடப் போயிட்டாரு. முழுசாக் கேட்டது ஒரே ஒருத்தர்.”

அவள் வெர்னாவைப் பார்த்தாள். மார்ஷலும் திரும்பிப் பார்த்தார்.

வெர்னா எழுந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு அலமாரி வரை நடந்து, மூன்றாம் தட்டிலிருந்து ‘மூன்றாம் தளம்’ புத்தகத்தை எடுத்துவந்து திறந்தார். பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. கோப்பு தானாகவே அந்த இடத்தில் விரிந்தது. அவர் உருவிவிடாமல் வைத்திருந்த பழுப்புத் தாள் ஓரங்களில் கறுத்திருந்தது. மேலே, “வெளக்க அணைச்சுடு” என்ற வரி. அதன் கீழே காலீனின் பேச்சு. அந்த ஒன்றரைப் பக்கத்தின் முடிவில், தெளிவான கையெழுத்தில், ‘88 விடு’ என்ற குறி. தொண்ணூற்றொன்றாம் பக்கத்தில், பேச்சின் குறுக்கே அந்தக் கோடு.

காலீன் குனிந்து பார்த்தாள். அவள் அதை அதுவரை கண்டதில்லை. அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாள், அவ்வளவே. விரல் நுனியைக் கோட்டின் மேல் வைக்காமல் அதன் பக்கமாக வைத்தாள்.

“‘அப்பா, நான் போகல’” என்றாள் மெதுவாக. தாளைப் பார்த்துப் படிக்கவில்லை. “‘பெட்டியத்தான் கீழ கொண்டாந்தேன்.’ இப்படித்தான் ஆரம்பிக்கும்.”

“நல்லாத்தானே இருக்கு” என்றார் மார்ஷல், சற்றே வியப்புடன்.

காலீன் அவர் பக்கம் திரும்பவில்லை. “மாசாமாசம் மாத்திரைய நீட்டும்போது கேக்கணும்னு நெனப்பேன். வரிசையில பின்னாடி ஆளு நிப்பாங்க. எத்தனையோ பேரு என்கிட்ட வந்து சொல்லிட்டாங்க, அந்தம்மாவுக்குக் காது தப்பாதுன்னு. இப்போ கண்ணாடிப் பெட்டியில வெச்சு வெளக்கும் போடப்போறாங்களாம். என் பொண்ணு வந்து பாப்பா. அதுக்கு முன்னாடி உங்க வாயால கேட்டுக்கறேன். ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க, நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்.”

வெர்னா பித்தளைப் பலகையைப் பார்த்தார். ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரிக்கி இப்போது மகள் வீட்டில், டுலூத் நகரில் இருக்கிறான். விழாவுக்கு வருவதாக எழுதியிருந்தான். தமது பெயர் இல்லாமல் அந்தக் கண்ணாடி அறை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். எப்போதும் இருந்தபடியேதான் இருக்கும். சன்னலுக்கு வெளியே பனி தாங்காமல் ஒரு கிளை முறிந்து விழுந்தது. அவர் நாற்காலியை இழுத்து அமர்ந்தார்.

“கேளு” என்றார்.

“நான் மோசமாப் பேசினேன்னுதானே அன்னைக்கு வெளக்க அணைச்சீங்க?”

“இல்ல காலீன். நான் தூங்கிட்டேன்.”